பெரு காபிப் பையைப் படிப்பதும் வீட்டிலேயே வறுப்பதும்

கனடாவில் எந்தக் கடையின் காபி அலமாரி முன்னால் நின்றாலும் பைகள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடும். ஆர்கானிக், ஃபேர்டிரேட், சிறு விவசாயி, ஆண்டிஸ் மலை, தொப்பி போட்ட ஒரு பெரியவரின் சிரிப்பு. விலை மட்டும் ஒன்றுபோல் இருக்காது. எங்கள் மிசிசாகா பக்கம் 340 கிராம் பை 14 டாலருக்கும் கிடைக்கிறது, 26 டாலருக்கும் கிடைக்கிறது. அதிகம் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்பது பையின் முன்பக்கத்தைப் பார்த்தால் தெரியாது. பின்பக்கத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கூடவே, வறுக்காத கொட்டையாக வாங்கி வீட்டிலேயே வறுப்பதையும்.

எனக்குச் சொந்த ஊர் பட்டிவீரன்பட்டி. தாண்டிக்குடி, பண்ணைக்காடு மலைகளிலிருந்து இறங்கும் காபி வந்து சேரும் ஊர். பார்ச்மென்ட் (கழுவி உலர்த்திய கொட்டை) என்ன விலை, செர்ரி (பழத்தோடு உலர்த்தியது) என்ன விலை என்ற பேச்சு காதில் விழாமல் அங்கே யாரும் வளர முடியாது. இப்போது பிழைப்பு கணக்கு எழுதுவதில். அதனால் இதில் ருசியைவிடக் கணக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென் அமெரிக்காவில் பல நாடுகளில் காபி விளைகிறது. நான் அதிகம் பேசப்போவது பெருவைப் பற்றி. ஆர்கானிக் (ரசாயன உரமும் மருந்தும் போடாதது), ஃபேர்டிரேட் (விவசாயிக்கு நியாய விலை) என்ற இரண்டு சான்றும் சேர்ந்த காபியைத் தேடினால் இங்கே அடிக்கடி கைக்கு வருவது பெரு காபிதான். அங்கே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் காபி பயிரிடுகின்றன. பெரும்பாலானவர்களிடம் இருப்பது மூன்று ஹெக்டேருக்கும் குறைவு. நம் கணக்கில் ஏழரை ஏக்கர்கூடத் தேறாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முத்திரை எது?

ஃபேர்டிரேட் என்பது ஒரே அமைப்பு இல்லை. கறுப்புப் பின்னணியில் நீலமும் பச்சையும் சேர்ந்து, கையை உயர்த்திய ஆள் உருவம் தெரிந்தால் அது ஃபேர்டிரேட் இன்டர்நேஷனலின் முத்திரை. மெக்சிகோவின் ஓஹாகா மலையில் இருந்த பழங்குடி விவசாயிகளின் காபிக்காக 1988இல் நெதர்லாந்தில் 'மாக்ஸ் ஹாவெலார்' என்ற பெயரில் ஒரு முத்திரை வந்தது. அங்கிருந்து கிளம்பிய முயற்சிதான் வளர்ந்து இதுவானது. இதில் ஒரு விதி முக்கியம். தேயிலைக்கும் வாழைக்கும் பெரிய எஸ்டேட்டுகளைச் சேர்த்துக்கொள்வார்கள். காபிக்கோ சிறு விவசாயிகளின் சங்கங்களுக்குத்தான் சான்று.

'ஃபேர் டிரேட் சர்டிஃபைட்' என்று சொற்களைப் பிரித்து எழுதியிருந்தால் அது வேறு வீடு. அமெரிக்கக் கிளை 2011 கடைசியில் தனியாகப் பிரிந்துபோய், காபியில் எஸ்டேட்டுகளுக்கும் சான்று கொடுக்கத் தொடங்கியது. எஸ்டேட் கூலித் தொழிலாளிக்கும் நியாயம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் 'சிறு விவசாயி' என்ற சொல்லுக்காக நீங்கள் கூடுதல் காசு கொடுப்பதாக இருந்தால், அந்த முத்திரை மட்டும் அதற்கு உத்தரவாதம் இல்லை. கனடாக் கடைகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

எஸ்பிபி என்று ஒன்று உண்டு. லத்தீன் அமெரிக்கச் சிறு விவசாயிச் சங்கங்கள் தாங்களே சேர்ந்து 2006இல் உருவாக்கிய முத்திரை. அபூர்வமாகத்தான் கண்ணில் படும். பட்டால் நான் யோசிக்காமல் எடுத்துவிடுவேன். பச்சைத் தவளை, ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸுடையது. அதன் அக்கறைகள் வேறு, குறைந்தபட்ச விலை என்று எதையும் அது நிர்ணயிப்பதில்லை. 'டைரக்ட் டிரேட்' என்பது முத்திரையே இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். நேர்மையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பையிலோ இணையத்திலோ என்ன விலை கொடுத்தோம் என்று எழுதிவிடுவார்கள்.

ஆர்கானிக் முத்திரைக்கு வருவோம். கனடாவின் சின்னம் பச்சைக் குன்றுகளுக்கு மேல் எழும் பாதிச் சிவப்பு மேப்பிள் இலை. சின்னத்தைவிட அதன் அருகிலோ பையின் பின்னாலோ சின்ன எழுத்தில் இருக்கும் சான்று நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். பெயரே இல்லாமல் வெறுமனே 'ஆர்கானிக்' என்று இருந்தால் வைத்துவிட்டு அடுத்த பைக்குப் போங்கள். அமெரிக்க விவசாயத் துறையின் வட்டச் சின்னம் இருந்தால் இன்னும் வசதி. அவர்களுடைய சான்றிதழ்ப் பட்டியல் இணையத்தில் பொதுவில் இருக்கிறது, பெயரைத் தட்டினால் சான்று உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று காட்டும். ஃபேர்டிரேட் பக்கத்திலும் இதேபோல் எஃப்எல்ஓ எண்ணையோ (ஃபேர்டிரேட் கொடுக்கும் அடையாள எண்) சங்கத்தின் பெயரையோ போட்டுத் தேடலாம்.

காபி போன்ற பல்லாண்டுப் பயிர் ஆர்கானிக் என்று பெயர் வாங்க, ரசாயன உரமும் மருந்தும் நிறுத்தி மூன்று ஆண்டு ஓட வேண்டும். அந்த மூன்று ஆண்டும் விளைச்சல் குறையும், விலையோ சாதாரண விலைதான். ஏழரை ஏக்கர்கூட இல்லாதவர் தனியாகச் சான்று வாங்க வழியில்லை, ஆய்வுச் செலவே அவரை முழுங்கிவிடும். அதனால் குழுவாக வாங்குகிறார்கள். சங்கத்தின் ஆட்களே வருடந்தோறும் ஒவ்வொரு தோட்டமாக ஏறிப் பார்த்துப் பதிவேடு எழுதுவார்கள். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் அந்தப் பதிவேட்டையும், பொறுக்கி எடுத்த சில தோட்டங்களையும் சோதிப்பார்.

இதில் கடைக்காரர்கள் பேசாத ஒரு சங்கதி இருக்கிறது. சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் மூலம்தான் அந்தக் காபி ஆர்கானிக் என்று விலைபோகும். சான்று ஏற்றுமதிக் கம்பெனியின் பெயரில் இருந்தால், விவசாயி வேறு எங்கே கொண்டுபோனாலும் அது சாதாரணக் காபிதான். சான்று சங்கத்தின் பெயரில் இருந்தால் அந்தப் பேரம் பேசும் பலம் அவர்களிடமே நிற்கும். ஆகவே முத்திரையைப் பார்த்த கையோடு பெயரைத் தேடுங்கள்.

பெயர் இருக்கிறதா?

'தென் அமெரிக்கக் கலவை' என்று மட்டும் போட்ட பையை நான் வாங்குவதில்லை. 'பெரு' என்று மட்டும் இருந்தால் அரை மனசு. மாவட்டம், சங்கத்தின் பெயர், உயரம், அறுவடை ஆண்டு இருந்தால் கூடைக்குள் போய்விடும்.

பெருவின் வடக்கே கஹமார்கா பகுதியில் ஹயேன், சான் இக்னாசியோ என்ற இரண்டு பெயர்கள் அடிக்கடி வரும். ஹயேன், பையில் ஆங்கில ஜே எழுத்தில் தொடங்கும். சென்ஃப்ரோகஃபே (1999), சொல் இ கஃபே ஆகிய சங்கங்கள் ஹயேனைச் சேர்ந்தவை, அடைப்புக்குறிக்குள் இருப்பது தொடங்கிய ஆண்டு. சான் இக்னாசியோ பக்கம் லா ப்ரோஸ்பெரிதாத் தே சிரினோஸ், 1968இலிருந்து இருக்கிறது. பியூரா பகுதியில் நோராந்தினோ சங்கம். நடுக்காட்டுப் பகுதியான ஹுனினில் லா ஃப்ளோரிடா (1966), பங்கோவா (1977). தெற்கே பொலிவிய எல்லையை ஒட்டிய புனோவில், சந்தியா பள்ளத்தாக்குகளின் கெச்சுவா, ஐமாரா பழங்குடி விவசாயிகள் சேர்ந்த செகோவாசா, 1970இலிருந்து. கொலம்பியாவில் காவ்கா மாநிலத்தின் கொசுர்கா, சாந்தா மார்த்தா மலைத்தொடரில் அர்வாக்கோ பழங்குடிகளின் அனேய். பொலிவியா என்றால் பெரும்பாலும் கரனாவி. வடக்குப் பெருவில் பெண் விவசாயிகள் தங்கள் காபியைத் தனியாகப் பிரித்து 'கஃபே ஃபெமெனினோ' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள், அந்தப் பெயரும் இங்கே பைகளில் வருகிறது.

உயரம் 1200 மீட்டரிலிருந்து 1900 மீட்டர் வரை எழுதியிருப்பார்கள். அதிக உயரம் என்றால் பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டை இறுகும், புளிப்பு துல்லியமாக இருக்கும். பால் ஊற்றிக் குடிக்கும் நமக்கு 1300, 1400 போதும். 1900 மீட்டருக்குக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு அதில் பாலை ஊற்றுவது எனக்கு உவப்பில்லை.

ரகத்தின் பெயர் இருந்தால் அதையும் கவனியுங்கள். டிபிக்கா, போர்போன், கதுர்ரா என்பவை பழைய ரகங்கள், ருசிக்குப் பேர்போனவை, இலைத் துரு நோய்க்குச் சட்டென்று சாய்பவை. கத்திமோர், கொலம்பியாவின் கஸ்தில்யோ போன்றவை நோய் தாங்கும் ரகங்கள். ருசி பிடித்தவர்கள் கத்திமோர் என்றாலே முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு பிடிக்காது. அந்தத் துரு நோய் என்ன செய்யும் என்று தமிழர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1869இல் இலங்கையில் பரவத் தொடங்கி, நம் சனங்கள் கூலிக்குப் போன காபித் தோட்டங்களை அழித்து, அவற்றைத் தேயிலைத் தோட்டங்களாக மாற்றியது அதே நோய்தான். 1970இல் பிரேசிலில் காலூன்றியது, 1983இல் கொலம்பியாவுக்கு வந்தது, 2012, 2013இல் பெருவைப் போட்டுத் தாக்கியது. ஆர்கானிக் விவசாயிக்குச் செம்பு கலந்த மருந்தை அளவோடு தெளிப்பதற்கு மேல் பெரிய ஆயுதம் இல்லை. அவர் கத்திமோர் நட்டால் அது பிழைப்புக்கான முடிவு. நன்றாகப் பறித்து, நன்றாக உலர்த்திய கத்திமோர் டிகாக்ஷனுக்குத் தாராளமாகப் போதும்.

உரத்துக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். காபிப் பழத்தோலை மக்கவைப்பது எங்கள் மலையிலும் உண்டு. பெருவுக்கே உரியது இன்னொன்று: பசிபிக் கடலோரத் தீவுகளில் கடற்பறவைகள் போட்டுக் குவிந்த எச்சம். அதை மூட்டையாகக் கட்டி மலைக்கு ஏற்றுகிறார்கள். நிழலுக்கு இங்கா என்ற மரம். அவரைக் குடும்பம், மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கும், நெற்றுக்குள் இருக்கும் வெள்ளைச் சதையைப் பிள்ளைகள் தின்பார்கள். எங்கள் பக்கம் கல்யாண முருங்கை செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது.

பைக்குள் இருக்கும் கணக்கு

ஃபேர்டிரேட் காபிக்கு ஒரு தரைவிலை, அதாவது குறைந்தபட்ச விலை, உண்டு. கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்கு 2011இலிருந்து பவுண்டுக்கு 1.40 அமெரிக்க டாலர். பன்னிரண்டு ஆண்டு அப்படியே கிடந்து, 2023 ஆகஸ்ட் 1 முதல் 1.80 ஆனது. ஆர்கானிக் என்றால் அதன்மேல் 40 சென்ட். அதற்கும் மேல் 20 சென்ட் பிரீமியம், இது சங்கத்தின் பொதுக்குழு கூடி முடிவு செய்து செலவழிக்கும் பணம். அதில் 5 சென்ட்டாவது விளைச்சலுக்கும் தரத்துக்கும் போக வேண்டும் என்பது விதி. ஆக மொத்தம் 2.40 டாலர்.

உலக காபி வியாபாரம் அளவுகோலாக வைக்கும் நியூயார்க் சந்தை விலை தரைவிலைக்கு மேலே போனால் சந்தை விலையைக் கொடுக்க வேண்டும். ஆர்கானிக் தொகையும் பிரீமியமும் அப்போதும் உண்டு.

இனி 340 கிராம் பையை எடுத்துக்கொள்வோம். வறுக்கும்போது எடை சுமார் 16 சதவீதம் குறையும். அதாவது பைக்குள் போக 405 கிராம் பச்சைக் கொட்டை வேண்டும். அது 0.89 பவுண்டு. தரைவிலையில் போட்டால் 2.14 அமெரிக்க டாலர், கனடாக் காசில் மூன்று டாலர் பக்கம். இருபது டாலர் பையில் சங்கத்துக்குப் போவது இவ்வளவுதான். இதுவும் துறைமுகத்தில் கப்பலேற்றும் விலை. ஹயேனிலிருந்து காபி கடற்கரைக்கு இறங்கி, தோல் நீக்கி, தரம் பிரித்து, பைத்தா துறைமுகம் போய்ச் சேரும் செலவு, சங்கத்தின் அலுவலகம், ஆர்கானிக் ஆய்வு எல்லாம் கழித்த பிறகுதான் விவசாயி கையில்.

அப்படியானால் இந்த முத்திரையால் என்ன பிரயோசனம்? சந்தை விலையைப் பாருங்கள். 2001இல் பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. 2019இல் ஒரு டாலருக்குக் கீழே. அந்த மாதிரி ஆண்டுகளில்தான் தரைவிலை உயிர் காக்கும். 2025 பிப்ரவரியில் சந்தை 4 டாலரைத் தாண்டியபோது நிலைமை தலைகீழ். வியாபாரி தோட்டத்து வாசலுக்கே பணக்கட்டோடு வந்துவிடுவான். சங்கமோ காபியை ஏற்றிப் பணம் வந்த பிறகுதான் முழுத்தொகை தரும். பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டிய தகப்பன் யாரிடம் போடுவான்? இதற்காகத்தான், சங்கம் கேட்டால் ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை முன்பணத்துக்கு வாங்குபவர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ஃபேர்டிரேட் விதி இருக்கிறது. தரைவிலையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். என் கண்ணுக்கு இந்த முன்பணம்தான் பெரிய விஷயம்.

ஆக, வறுத்து விற்கும் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. எந்தச் சங்கம்? எந்த ஆண்டு அறுவடை? பவுண்டுக்கு என்ன எஃப்ஓபி விலை, அதாவது கப்பலேற்றும் விலை, கொடுத்தீர்கள்? மின்னஞ்சலில் மரியாதையாகக் கேளுங்கள். முதல் இரண்டுக்குப் பதில் தெரியாத கடையில் எனக்கு வேலையில்லை. மூன்றாவதற்குத் தயங்கினால் பரவாயில்லை. அப்படியே மூட்டையின் மேல் இருக்கும் ஐசிஓ (சர்வதேச காபி அமைப்பு) எண்ணையும் கேட்கலாம். ஏற்றுமதி மூட்டைகளில் நாடு, ஏற்றுமதியாளர், சரக்குத் தொகுதி என்று மூன்று எண்கள் இருக்கும், கொலம்பியாவுக்கு நாட்டு எண் 3. எண்ணைச் சொல்லும் கடைக்காரர், மூட்டையைக் கையால் பிரித்தவர் என்று அர்த்தம்.

பச்சைக் கொட்டை வாங்க

வறுத்த காபி ஒரு மாதத்தில் மணம் போய்விடும். பச்சைக் கொட்டை ஒழுங்காக வைத்தால் ஒரு வருடம் வரை தாங்கும். விலையும் வறுத்ததில் பாதி அளவுக்குக் கிடைக்கும். பெரு மூட்டை 69 கிலோ, கொலம்பிய மூட்டை 70 கிலோ. அவ்வளவு வேண்டியதில்லை, ஐந்து பவுண்டு, பத்து பவுண்டு என்று பிரித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் தெரிந்த குடும்பங்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கி, எடைபோட்டுப் பிரித்துக்கொள்கிறோம்.

பெருவின் வடக்கில் பழம் பறிப்பது ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை. உலர்த்தி, தரம் பிரித்து, கப்பலேறி இங்கே வந்து சேர ஆண்டுக் கடைசி ஆகிவிடும். ஆகவே ஜனவரி, பிப்ரவரியில் வாங்கினால் புதுச் சரக்கு. ஆகஸ்டில் யாராவது தள்ளுபடியில் விற்றால் அது போன வருடத்து மூட்டையின் அடி. கையில் எடுத்துப் பாருங்கள். நீலம் கலந்த பச்சை நிறம் இருக்க வேண்டும். வெளுத்து மஞ்சளடித்து, கோணி வாடை வந்தால் வேண்டாம்.

'எஸ்எச்பி' என்றால் உயரத்தில் விளைந்த இறுகிய கொட்டை. 'இபி' என்றால் உடைசலும் கறுப்பும் கூடுதலாகப் பொறுக்கியது. 'கரகோலில்யோ' என்று கண்டால் மலைக்க வேண்டாம், நம்முடைய பீபெரிதான், பழத்துக்குள் ஒற்றையாக விளையும் கொட்டை. பீபெரி என்றால் நம்மூரில் தனி மவுசு. உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும், அந்தளவுக்குத்தான் அதன் பெருமை. இரட்டை விலை கொடுக்க அவசியமில்லை.

வறுப்பது

கனமான இரும்புச் சட்டி, நீளமான மரக்கரண்டி, இரண்டு எஃகுச் சல்லடை, சமையலறைத் தராசு. இவ்வளவு போதும். புகை வரும். ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேல் இருக்கும் விசிறியை முழு வேகத்தில் போடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியில் மின்சார அடுப்பு வைத்துக்கொள்வது நல்லது, புகை எச்சரிக்கை மணி அடித்தால் மொத்தக் கட்டடமும் உங்களைத் திட்டும்.

250 கிராமுக்கு மேல் ஒரு தடவைக்குப் போடாதீர்கள். சட்டியை நடுத்தரத் தீயில் நன்றாகச் சூடாக்கி, கொட்டையைப் போட்டுக் கிளற ஆரம்பியுங்கள். கை நிற்கக் கூடாது. நான்கைந்து நிமிடத்தில் பச்சை போய் மஞ்சளாகும், வைக்கோல் வாசனை வரும், பிறகு ரொட்டி வாசனை. இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். பழுப்பு ஏறத் தொடங்கியதும் மெல்லிய தோல் உரிந்து பறக்கும். எட்டு, ஒன்பது நிமிடம் வாக்கில் டப், டப் என்று கொட்டைகள் வெடிக்கும். இதுதான் முதல் வெடிப்பு. இப்போது தீயைக் கொஞ்சம் குறையுங்கள்.

முதல் வெடிப்பு அடங்கியதும் ஒரு அமைதி வரும். பால் சேர்க்காமல் குடிப்பவர்கள் இங்கேயே இறக்கலாம். நம் டிகாக்ஷனுக்கு இன்னும் ஓரிரு நிமிடம் வேண்டும். அடுத்து வருவது தாளிக்கும்போது கடுகு பொரிகிற மாதிரி மெல்லிய, நெருக்கமான சத்தம். அது இரண்டாம் வெடிப்பு. முதல் நான்கைந்து சத்தம் கேட்டவுடன் இறக்கிவிடுங்கள். கொட்டையின் மேல் எண்ணெய் மினுக்கத் தொடங்கினால் எல்லை தாண்டியாயிற்று. ஹயேன் காபியும் தெரியாது, பொலிவியாவும் தெரியாது, கரிதான் தெரியும்.

இறக்கியபின் சட்டியிலேயே விட்டால் வெந்துகொண்டே இருக்கும். உடனே சல்லடையில் கொட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றுங்கள். கனடாக் குளிருக்கு இருக்கும் ஒரே உபயோகம் இது, பால்கனியில் நின்றால் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், தோலும் பறந்துவிடும். இப்போது எடை போடுங்கள். 250 கிராம் 212க்குப் பக்கம் வந்திருந்தால் நடுத்தர வறுவல். 205க்குக் கீழே போயிருந்தால் கறுப்பு வறுவல். நிறத்தை நம்பாதீர்கள், சமையலறை விளக்கு ஏமாற்றும். தராசு ஏமாற்றாது. ஒவ்வொரு தடவையும் எடையையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால் அடுத்த தடவை கை தானாகப் பழகும்.

வறுத்த அன்றே அரைக்க வேண்டாம். கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேறிக்கொண்டிருக்கும், டிகாக்ஷன் நுரைத்துக்கொண்டு சரியாக இறங்காது. டப்பாவை இறுக்கி மூடாமல் ஒரு நாள், அப்புறம் மூடி இரண்டு மூன்று நாள்.

டிகாக்ஷன்

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருமுறை, "அக்கா, உங்கட கோப்பி கொஞ்சம் புளிக்குது" என்றான். பெரு காபியில் அந்தப் புளிப்பு இயற்கைதான், பாலோடு சேரும்போது சிலருக்குத் தூக்கலாகத் தெரியும். வறுவலை முப்பது விநாடி கூட்டினால் அடங்கும். பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலச் சிறு விவசாயிகளின் காபி இயல்பிலேயே புளிப்புக் குறைந்தது. அதைக் கொஞ்சம் கலந்தாலும் சரியாகும்.

ஃபில்டருக்கு 30 கிராம் பொடி, மணலைவிடச் சற்று நைசாக. லேசாக அழுத்தி, கொதித்து அரை நிமிடம் கழிந்த தண்ணீர் 180 மில்லி. முதலில் பொடி நனையும் அளவு ஊற்றி, அரை நிமிடம் விட்டு மீதியை ஊற்றுங்கள். 120 மில்லி அளவுக்கு இறங்கும், மூன்று டம்ளருக்குத் தாராளம். அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தால் பொடி ரொம்ப நைசு என்று அர்த்தம்.

சிக்கரி? முதல் வாரம் இல்லாமல் குடித்துப் பாருங்கள். அப்புறமும் மனசு கேட்கவில்லை என்றால் பத்துக்கு ஒன்று சேருங்கள், யாரும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். ஆர்கானிக் சிக்கரியும் கடையில் கிடைக்கிறது.

வீட்டில் பெரியவர்களுக்கு டீகாஃப் வேண்டுமென்றால் ஆர்கானிக் முத்திரை இருப்பதையே வாங்குங்கள். ஆர்கானிக் காபியில் கஃபீனை எடுக்க ரசாயனக் கரைப்பான் கூடாது, தண்ணீரோ கரியமில வாயுவோதான். தண்ணீர் முறைக்கான பெரிய ஆலை ஒன்று பிரிட்டிஷ் கொலம்பியாவிலேயே இருப்பதால் கனடாவில் இது சுலபமாகக் கிடைக்கும். பச்சையாக வாங்கினால் பார்வைக்கு ஏற்கெனவே பழுப்பாக இருக்கும், வறுக்கும்போது நிறம் சீக்கிரம் ஏறும், வெடிப்புச் சத்தமும் மங்கலாகத்தான் கேட்கும். அதற்கு மூக்கையும் தராசையும்தான் நம்ப வேண்டும்.

மிச்சப் பச்சைக் கொட்டையை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், ஈரம் ஏறும். துணிப்பையில் போட்டு, அதைக் கெட்டியான டப்பாவுக்குள் வைத்து, மசாலா அலமாரியிலிருந்து தள்ளி இருட்டான இடத்தில் வையுங்கள். சாம்பார்ப் பொடிக்குப் பக்கத்தில் வைத்த காபிக்கு எந்த முத்திரையும் உதவாது.